அத்தான் நிமிர்த்திய கோடு

என் அக்காவின் கணவருக்கு எதையும் இருந்த இடத்தில் இருக்கவிடத் தெரியாது. யார் வீட்டுக்குப் போனாலும் மின்விசிறியின் வேகத்தை ஒரு புள்ளி குறைப்பார், ஜன்னல் கொக்கியைக் கழற்றி மாட்டுவார், ஆடுகிற நாற்காலியின் காலுக்கடியில் காகிதத்தை மடித்து வைப்பார். ஆடாத நாற்காலியையும் ஒருமுறை ஆட்டிப் பார்ப்பார். அவருடைய கல்யாணப் படத்தில் எல்லோரும் நேராகப் பார்க்க, மாப்பிள்ளை மட்டும் கீழே பார்த்துக்கொண்டு நிற்கிறார். போட்டோகிராபரின் கேமரா முக்காலி ஒரு பக்கம் சாய்ந்திருந்ததாம். அதைச் சரிசெய்யாமல் எப்படிச் சிரிப்பது என்று அவருக்குப் புரியவில்லையாம். அக்கா இன்றைக்கும் அந்தப் படத்தைப் பார்த்தால் பல்லைக் கடிப்பாள்.

நான் அவரை அத்தான் என்பேன், அவர் என்னை மாப்ளே என்பார். இரண்டு பேருக்கும் ஒரே யார்டில் வேலை. கட்டடங்களுக்கான கான்கிரீட் சுவர்களை அச்சில் வார்த்து, காயவைத்து, லாரியில் ஏற்றி அனுப்புகிற யார்டு. ஒவ்வொன்றும் ஓர் அறையின் முழுச் சுவர், ஜன்னலுக்கு விட்ட ஓட்டையோடு. அத்தான் கிரேன் ஆபரேட்டர். நான் கீழே நின்று சுவருக்குச் சங்கிலி மாட்டி, கையாலும் வாக்கிடாக்கியாலும் அவருக்கு வழி சொல்கிறவன். தொங்குகிற சுவருக்கு நேர் கீழே யாரும் நிற்கக் கூடாது என்பது சட்டம். ஆனால் அதைத் தாங்கியில், சுவர்களை நிமிர்த்தி நிறுத்துகிற இரும்புச் சட்டத்தில், செருகும்போது பக்கத்தில் ஒருவன் நின்று, விளிம்பில் கைவைத்துத் திருப்பிக் கொடுத்தே ஆகவேண்டும். அந்த ஒருவன் நான். மேலே கண்ணாடிக் கூண்டுக்குள் அத்தானின் கை ஒரு நகக்கண் அளவு அசைந்தால் என் நெஞ்சுக்கு எதிரே ஒரு சுவர் அசையும். எங்கள் உறவை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

ஊரெல்லாம் கைவைக்கிற மனிதர் அந்தக் கூண்டுக்குள் மட்டும் ஒரு திருகைக்கூடத் தொடமாட்டார். கிரேனை நகர்த்துகிற லீவர் கம்பெனியுடையது, எலக்ட்ரீஷியனைத் தவிர யாரும் திறக்கக் கூடாது. நாள் முழுக்க அடக்கிவைத்த அரிப்பையெல்லாம் மாலையில் மூட்டைகட்டி வீட்டுக்குக் கொண்டுவருவார். வீட்டில் அவருக்கு ஒரு விமானம் இருந்தது.

கம்ப்யூட்டரில்தான். மூக்கில் விசிறி சுற்றுகிற பழைய காலத்துச் சண்டை விமானங்களை ஓட்டுகிற விளையாட்டு. ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமை காலையிலும் நாங்கள் நான்கு பேர் ஒரே அணியாகப் பறப்போம். நானும் அத்தானும் அவரவர் வீட்டிலிருந்து. எங்கோ இருக்கிற ஒரு பல் டாக்டர், இன்னும் எங்கோ இருக்கிற ஒரு கணக்கு டீச்சர். அவர்கள் இருவரையும் குரலாக மட்டுமே தெரியும். டாக்டர் சுட்டால் படும், அதனால் அவர்தான் தலைவர். டாக்டரின் முதுகைக் காப்பது அத்தானின் பொறுப்பு.

எங்கள் மூவருக்கும் அது சண்டை. அத்தானுக்கு அது செட்டிங்ஸ் பக்கம். அந்தப் பக்கத்தில் ஒரு சதுரக் கட்டம், அதற்குள் குறுக்கே ஒரு கோடு. கோடு நேராக இருந்தால் ஜாய்ஸ்டிக் கைப்பிடியை எவ்வளவு சாய்க்கிறோமோ விமானமும் அவ்வளவு சாயும். கோட்டை வளைத்துவிட்டால் கைப்பிடியின் நடுப்பகுதி மந்தமாகிவிடும். கை நிறைய நகரும், விமானம் கொஞ்சமாக நகரும். குறிபார்த்துச் சுடுவதற்கு அதுதான் வசதி, கையின் சின்னச் சின்னத் தடுமாற்றம் குண்டுவரை போய்ச் சேராது. அதனால் எல்லோரும் கொஞ்சம் வளைப்பார்கள். நான் வாங்கிய அன்றைக்கு வளைத்தேன், அதோடு விட்டேன். அத்தான் வளைப்பார், நிமிர்த்துவார், மறுபடி வளைப்பார். "நீங்க கிளம்புங்க, ஒரே ஒரு விஷயம் பாத்துட்டு வந்துடுறேன்" என்பார். நாங்கள் மேகத்துக்கு மேல் எதிரிகளிடம் மாட்டிக்கொண்டு கத்துவோம், அவருடைய விமானம் ஓடுதளத்திலேயே நின்று மூக்கை ஆட்டிக்கொண்டிருக்கும். டீச்சர்தான் அவருக்கு ரன்வே என்று பேர் வைத்தார். அந்த மனிதர் ரன்வேயிலேயே ரிட்டயர் ஆகிவிடுவார் என்பார். அத்தான் கோபித்துக்கொள்ளமாட்டார். காதில் விழுந்தால்தானே.

ஒருநாள் யார்டில் கிரேன் கூண்டுக்குப் புது இருக்கை மாட்டினார்கள். கழற்றிப் போட்ட பழைய இருக்கையை அத்தான் கேட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். பஞ்சு பிதுங்கிய, கால்கள் இல்லாத அந்த நாற்காலியை ஓர் இரும்புச் சட்டத்தில் ஏற்றினார். வலது கைப்பிடியில் ஜாய்ஸ்டிக், இடது கைப்பிடியில் எஞ்சின் வேகத்துக்கான பிடி. கூண்டில் லீவர்கள் இருக்கிற அதே உயரம், அதே சாய்வு, முழங்கை படுகிற அதே இடம். நாடா வைத்து அளந்து, அது சரியாகும் வரைக்கும் அவர் சாப்பிட உட்காரவில்லை. வருகிறவர்கள் எல்லாம் இதில் எங்கே உட்காருவது என்று கேட்கிறார்கள் என்று அக்கா புலம்பினாள்.

"கண்ண மூடிக்கிட்டு உக்காந்தா அப்படியே யார்டுதான் மாப்ளே" என்றார் அத்தான் என்னிடம். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. அப்படியென்றால் சங்கிலி மாட்ட நானும் இங்கேயே வந்துவிடட்டுமா என்று கேலி செய்தேன்.

அந்தச் சமயம் அச்சுகளைச் சுத்தம் செய்வதற்காக யார்டை ஒரு வாரம் மூடினார்கள். விளையாட்டில் அணிகளுக்கான போட்டி ஒன்றும் நெருங்கிக்கொண்டிருந்தது. டாக்டர் ஒரு ஞாயிற்றுக்கிழமை பொறுமை இழந்து, ரன்வே சாரின் குண்டுகள் வயலுக்கு மருந்து அடிக்கிற மாதிரி போகின்றன, நடுப்பகுதியை நன்றாக மந்தமாக்குங்கள் என்று சொல்லிவிட்டார். அத்தான் கோட்டைத் தொங்கத் தொங்க வளைத்தார். வளைத்த முதல் நாளே ஓர் எதிரி விமானம் புகைவிட்டுக்கொண்டு விழுந்தது. அத்தான் போட்ட சத்தத்தில் அக்கா அடுப்பை அணைத்துவிட்டு ஓடிவந்தாள்.

அந்த வாரம் முழுக்க அவர் அந்த நாற்காலியைவிட்டு எழவில்லை. காலையில் காபி அங்கே, பகலில் சாப்பாடு அங்கே. குண்டுகள் பட்டன. டாக்டர் பாராட்டினார். டீச்சர் பேரை மாற்றுவது பற்றி யோசிப்பதாகச் சொன்னார். எல்லாவற்றுக்கும் மேல், அத்தான் அந்தக் கோட்டைத் தொடவே இல்லை. நான் அவரைப் பார்த்த நாளிலிருந்து அவர் ஒன்றை அப்படியே விட்டது அதுதான் முதல் தடவை. அப்பாடா, மனிதர் அடங்கினார் என்று நாங்கள் எல்லோரும் நிம்மதிப்பட்டோம்.

யார்டு திறந்த திங்கட்கிழமை காலை முதல் சுவருக்குச் சங்கிலி மாட்டினேன். மேலே போகும்போதே வெடுக்கென்று ஓர் இழுப்பு. ஒரு வார விடுமுறைக்குப் பிறகு அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். தாங்கிக்குப் பக்கத்தில் வந்ததும் விளிம்பில் கைவைத்தேன். வாக்கிடாக்கியில், கொஞ்சம் இடது, பொடிசா என்றேன். பொடிசா என்பது எங்கள் இருவருக்குமான வார்த்தை. நான் அப்படிச் சொன்னால் சுவர் ஒரு விரற்கடை நகரும், அவ்வளவுதான். எத்தனையோ வருஷமாக அப்படித்தான் நகர்ந்திருக்கிறது.

சுவர் பாய்ந்து வந்தது.

எனக்குப் பின்னால் தாங்கியின் இரும்புக் கம்பிகள், முன்னால் சுவர். நான் யோசிக்கவில்லை. என் கால்கள்தான் மடங்கின, குப்புற விழுந்தேன். எனக்கு மேலே சுவர் இரும்பில் மோதிய சத்தம் இன்னும் என் பல்லுக்குள் இருக்கிறது. ஒரு மூலை உடைந்து என் பூட்ஸ் பக்கத்தில் விழுந்தது. வாக்கிடாக்கியில் அத்தான் மாப்ளே, மாப்ளே என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். பொத்தானை அழுத்திப் பதில் சொல்ல எனக்கு விரல் வரவில்லை.

இறங்கி வந்தவரின் உதடு வெளுத்திருந்தது. என் முழங்கையில் ரத்தத்தைப் பார்த்தார். சூப்பர்வைசர் ஓடிவந்ததும் அத்தான், லீவர் தப்பு, தொட்டால் ஓடுகிறது என்றார். எலக்ட்ரீஷியன் லீவரைக் கழற்றிப் பார்த்தார், ஒன்றும் இல்லை. இன்னொரு ஆபரேட்டரை ஏற்றிப் பார்த்தார்கள், வெண்ணெய் மாதிரி ஓடியது. அத்தான் விடவில்லை. நடுப்பகுதி ரொம்பத் துடிக்கிறது, அதைக் கொஞ்சம் மந்தமாக்குங்கள் என்று கெஞ்சினார். "அவருக்கு ஒழுங்கா இருக்கு, உங்களுக்கு மட்டும் எப்படிங்க ஓடும்?" என்று கேட்டார் எலக்ட்ரீஷியன். இரண்டு நாள் வீட்டில் இருங்கள் என்று சூப்பர்வைசர் அனுப்பிவைத்தார்.

எனக்கு அவர்மேல் கோபம் கோபமாக வந்தது. சுவர் மோதியதற்காக இல்லை. கை தவறாத ஆபரேட்டர் உலகத்தில் இல்லை. ஆனால் வாய் திறந்து பேசாத ஓர் இரும்புத் துண்டின்மேல் பழியைப் போட்டாரே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. அதைவிட மோசம், மறுநாள் அந்த இன்னொரு ஆபரேட்டர் மேலே இருந்தபோதும் என்னால் சுவரில் கைவைக்க முடியவில்லை. கை பாதி தூரம் போய்த் திரும்பி வந்தது. இனி அத்தானுக்குக் கீழே நிற்கவே முடியாது என்று தோன்றியது. அச்சுப் பகுதிக்கு மாற்றல் கேட்கலாம். ஆனால் சொந்த மைத்துனனே அவரை நம்பவில்லை என்று தெரிந்தால் அதற்குப் பிறகு அவரை யார் கிரேனில் ஏற்றுவார்கள்? கேட்டால் அவர் பிழைப்பு போகும், கேட்காவிட்டால் என் உயிர் போகலாம். என்ன ஆனாலும் அவரிடம் நேரில் சொல்லிவிட்டுத்தான் கேட்பது என்று முடிவுசெய்து அன்று மாலை அக்கா வீட்டுக்குப் போனேன்.

அத்தான் சமையலறைக் குழாயைப் பிரித்துப் போட்டிருந்தார். அது ஒழுகவில்லை. வாஷர், திருகு, நட்டு என்று கூடத்து நாற்காலிகளில் எல்லாம் பரப்பி வைத்துவிட்டு, ஜன்னலுக்கும் கதவுக்கும் நடந்துகொண்டிருந்தார். வா என்று சொல்லக்கூட நிற்கவில்லை. அக்கா என் முழங்கைக் கட்டைப் பார்த்தாள். உள்ளே போனாள். அந்த வீட்டில் காலியாக இருந்தது அந்தக் கிரேன் இருக்கை ஒன்றுதான். அதில் உட்கார்ந்தேன்.

சொல்ல வந்ததை எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. திரையில் விமானம் பறக்கத் தயாராக இருந்தது, சும்மா ஜாய்ஸ்டிக்கைப் பிடித்துக் கிளப்பினேன். லேசாக இடது பக்கம் சாய்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் சாய்த்தேன். இறக்கை அசைந்த மாதிரி இருந்தது. நன்றாகத் தள்ளிய பிறகுதான் திரும்பியது.

"என்ன அத்தான் இது, சேத்துக்குள்ள கைய விட்ட மாதிரி இருக்கு. இவ்வளவு தள்ளினாதான் இது பொடிசாவே நகருது."

பொடிசா என்று சொன்ன பிறகுதான் எனக்கே அது காதில் விழுந்தது. அத்தானின் நடை நின்றுவிட்டது.

எழுந்திரு என்றார். உட்கார்ந்தார். முழங்கையை அதன் இடத்தில் வைத்தார், கண்ணை மூடினார். சொல்லு என்றார். கொஞ்சம் இடது, பொடிசா என்றேன். அவருடைய கை போனது. போய்க்கொண்டே இருந்தது. கண்ணைத் திறந்து பார்த்தார். திரையில் இறக்கை ஒரு விரற்கடை சாய்ந்திருந்தது. அவ்வளவு தூரம் போன கையை அப்படியே வைத்துக்கொண்டு அதையே பார்த்தார். கூண்டில் அவ்வளவு தூரம் போனால் என்ன ஆகும் என்பதை நாங்கள் இருவரும் ஏற்கெனவே பார்த்துவிட்டோம்.

"லீவர்ல ஒண்ணுமில்ல மாப்ளே" என்றார். "நான்தான் வேற கையக் கொண்டுபோயிருக்கேன்."

எனக்கு அப்படியே அழுகை முட்டிக்கொண்டு வந்தது. கோபம் போன இடம் தெரியவில்லை. மாற்றல் கேட்கப் போகிறேன் என்பதை அன்றைக்கு நான் சொல்லவில்லை.

சமையலறை வாசலில் அக்கா நின்றிருந்தாள். எவ்வளவு நேரமாக நின்றாள் என்று தெரியாது. அந்த நாற்காலியைத் தூக்கி வெளியே போடச் சொல்வாள் என்று நினைத்தேன்.

"வீட்ல உக்காந்து நீங்க என்ன வேணா தொடுங்க" என்றாள். "யார்டுல கீழ நிக்கிறது என் தம்பி. அத மட்டும் மறந்துடாதீங்க."

மறுநாள் காலை அத்தான் சூப்பர்வைசரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னார். லீவர் நல்ல லீவர், தப்பு என் கையில்தான், வீட்டு விளையாட்டில் இருந்து வந்தது என்றார். சூப்பர்வைசர் முதலில் சிரித்தார், அத்தான் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். யார்டின் கோடியில் ஆள் நடமாட்டம் இல்லாத இடத்தில் ஒரு கான்கிரீட் கட்டியைத் தூக்கி இறக்கிப் பழகச் சொன்னார். எப்போது மறுபடி சுவர் தூக்கலாம் என்று யார் சொல்வது என்று அத்தான் கேட்டார். கீழே நிற்கிறவன் சொல்லட்டும் என்று சூப்பர்வைசர் என்னைக் கைகாட்டிவிட்டுப் போய்விட்டார்.

அத்தான் நாற்காலியை வெளியே போடவில்லை. போட்டால் கை கடைசியாகக் கற்றதையே வைத்துக்கொண்டிருக்கும், கற்றுக்கொடுத்த இடத்திலேயே மறக்கடிக்க வேண்டும் என்றார். செட்டிங்ஸ் பக்கத்தைத் திறந்து கோட்டை நேராக நிமிர்த்தினார். கிரேன் லீவரின் நடுவில், தள்ளியும் எதுவும் நகராத தளர்ச்சி எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவே இங்கேயும் வைத்தார். போட்டி வரைக்கும் சுடவே இல்லை. தினமும் மாலையில் விமானத்தைக் கிளப்பி, இறக்கை நுனியை அடிவானத்தில் பதித்து, பொடிசா, பொடிசா என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு சாய்ப்பார், நிமிர்த்துவார். சில சமயம் கை தானாகச் செட்டிங்ஸ் பக்கம் போகும். கோட்டைப் பார்ப்பார். எழுந்து போய் வேறு எதையாவது பிரிப்பார். அக்கா வீட்டில் கிறீச்சிடுகிற கதவு ஒன்றுகூட மிச்சமில்லை. குழாய் இரண்டு தடவை பிரிந்து சேர்ந்தது. பக்கத்து வீட்டுக்காரர்களும் தங்கள் கதவுகளை அனுப்பலாமா என்று கேட்கும் நிலைக்கு வந்துவிட்டார்கள்.

யார்டில் கட்டி மேலே போகும், கீழே வரும். நான் எட்ட நின்று பார்ப்பேன். முதல் நாள் அது குடித்தவன் மாதிரி ஆடியது. அப்புறம் ஆட்டம் குறைந்தது. அப்புறம் இல்லவே இல்லை. சரி என்று சொல்ல வாயெடுப்பேன், நாளைக்குப் பார்க்கலாம் என்று திரும்பிவிடுவேன். அத்தான் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் பரவாயில்லை, திட்டிவிட்டு நகர்ந்திருப்பேன். கேட்காமல் மேலே உட்கார்ந்து, மதியச் சாப்பாட்டுக்கும் இறங்காமல், அந்தக் கட்டியைத் தூக்கித் தூக்கி இறக்கிக்கொண்டிருந்தார். அவருக்குத் தூக்கம் இல்லை என்று அக்கா சொல்லித்தான் தெரியும். எனக்கும் இல்லை.

ஒருநாள் முற்பகல் எனக்கே என்மேல் எரிச்சல் வந்தது. விறுவிறுவென்று நடந்துபோய், தொங்கிக்கொண்டிருந்த கட்டியின் விளிம்பில் கையை வைத்தேன். யோசித்திருந்தால் வைத்திருக்கமாட்டேன். மேலே கூண்டில் அத்தான் விறைத்து நிமிர்வது கண்ணாடி வழியாகத் தெரிந்தது.

கொஞ்சம் இடது, பொடிசா என்றேன்.

உள்ளங்கைக்கு அடியில் கான்கிரீட் ஒரு விரற்கடை நகர்ந்தது. நின்றது. ஆடவில்லை.

"போதுமா மாப்ளே?"

"போதும் அத்தான். நாளைக்குச் சுவரு தூக்கலாம்."

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் போட்டி. டாக்டரும் டீச்சரும் இதெல்லாம் அறியமாட்டார்கள். நாங்கள் மேகத்துக்கு மேல் ஏறியதும் அத்தான் எங்களோடு வந்தார், ஓடுதளத்தில் நிற்கவில்லை. டீச்சர் அதற்கே கைதட்டினார். எதிரி எதிரே வந்தான், அத்தான் சுட்டார். நிமிர்த்திய கோட்டில் கையின் ஒவ்வொரு துடிப்பும் மூக்கில் தெரிந்தது, குண்டுகள் வானம் முழுக்கச் சிதறின. எதிரி நிதானமாகத் திரும்பி அவரை வீழ்த்தினான். புது விமானத்தில் மறுபடி வந்தார், மறுபடி விழுந்தார். காக்க ஆளில்லாமல் டாக்டரும் விழுந்தார்.

டாக்டருக்குத் தாங்கவில்லை. போன தடவை அவ்வளவு நன்றாகச் சுட்டீர்களே, அந்தக் கோட்டை ஏன் மாற்றினீர்கள், இப்போதே வளையுங்கள், நாங்கள் காத்திருக்கிறோம் என்றார். ஒன்றைத் திருகிப் பார் என்று அத்தானிடம் யாரும் கெஞ்சி நான் கேட்டதே இல்லை. அவருடைய நாற்காலி முனகுகிற சத்தம் என் காதுக்குள் கேட்டது. முன்னால் சாய்கிறார். கை போகிறது. பின்னால் சாய்ந்துவிட்டார் போல, நாற்காலி மறுபடி முனகியது.

"இல்ல டாக்டர். இது இப்படியே இருக்கட்டும்."

அப்புறம் நாங்கள் தோற்றோம். சண்டை முடிகிற நேரத்தில் எங்கள் அணியில் நான் ஒருவன்தான் பறந்துகொண்டிருந்தேன். கீழே ஒரு வயலில் அத்தானின் விமானம் எரிந்துகொண்டிருந்தது. அதற்கு மேலே ஒரு சுற்றுச் சுற்றினேன். மறுநாள் திங்கட்கிழமை. அவர் மேலே இருப்பார், நான் கீழே இருப்பேன்.